நிழல் தந்த சாலை

நமது தேசத்தின் சரித்திரத்தைப் புத்தகத்தில் படிக்கலாம், சாலையிலும் படிக்கலாம். கல்கத்தாவில் புறப்பட்டு, காசி, பிரயாகை, டில்லி, அமிருதசரஸ், லாகூர் வழியாகப் பெஷாவர் வரையில் செல்லும் 'கிராண்டு டிரங்கு ரோடு' அத்தகையது. பெயர் வெள்ளைக்காரர் இட்டது. ஆனால் சாலை அவர்களுடையதன்று.

வணிகரும் பிக்ஷுக்களும் நடந்து நடந்து உண்டான தடம் அது. உத்தராபதம் என்பது அதன் பழம் பெயர். மௌரியர் காலத்தில் வந்த யவனத் தூதர் மெகஸ்தனீஸ், எல்லைப்புறத்திலிருந்து பாடலிபுத்திரம் வரை சென்ற ராஜபாட்டையைக் குறித்திருக்கிறார். மனிதருக்கும் மிருகங்களுக்கும் நிழல் தர ஆலமரம் வைத்ததையும், கிணறு வெட்டியதையும் அசோக சக்கரவர்த்தி ஸ்தம்பத்தில் பொறித்து வைத்தார். அந்த ஸ்தம்பம் இன்றும் டில்லியில் நிற்கிறது.

1540 முதல் 1545 வரை ஐந்தே வருஷம் ஆண்ட ஷேர்ஷா, வங்காளத்துச் சோனார்காவ்ன் முதல் சிந்து நதி வரை அச்சாலையைச் செப்பனிட்டார். இரண்டு குரோச தூரத்துக்கு ஒரு சத்திரம். ஹிந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அங்கே அன்னமும் தண்ணீரும் உண்டு. பிறகு மொகலாயர் குரோசத்துக்கு ஒன்றாக எழுப்பிய தூண்களில் பல, ஹரியானாவின் வயல்களிடையே இன்றும் காட்சி தருகின்றன.

1830-களில் கம்பெனியார் கப்பி போட்டுச் சாலையைக் கெட்டிப்படுத்தத் தொடங்கினர். அவர்களுக்கு முக்கியமானவை பட்டாளமும் பீரங்கியும். 1857-ல் புரட்சியை அடக்கச் சேனைகள் விரைந்ததும் இவ்வழியேதான். 1947-லோ, அமிருதசரஸுக்கும் லாகூருக்கும் இடையே, வீடிழந்த ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் எதிரும் புதிருமாக நடந்தார்கள். ஒரே சாலை இரண்டு தேசங்களுக்குப் பங்காயிற்று.

இப்போது ஆக்ராவிலிருந்து கிழக்கே செல்லும் பகுதிக்கு 19 என்றும், டில்லியிலிருந்து ஜாலந்தர் வரையுள்ள பகுதிக்கு 44 என்றும் தேசிய நெடுஞ்சாலை எண்கள் வழங்குகின்றன. இந்த 44-ம் எண் சாலைதான் சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரி வந்து முடிகிறது. ஆகவே, நம் ஊர்ச் சாலையில் ஏறி வடக்கே போனால் ஷேர்ஷாவின் சாலையிலேயே போய்ச் சேரலாம்!

வேகம் வந்துவிட்டது, சந்தேகமில்லை. ஆனால் சாலையை அகலப்படுத்தியபோது பழைய மரங்கள் பல இடங்களில் வீழ்ந்தன. 2020-ம் வருஷத்துக் கொள்ளை நோய்க் காலத்தில், பஸ்ஸும் ரயிலும் நின்றுபோகவே, கூலி ஜனங்கள் குழந்தைகளைத் தோளில் சுமந்து நெடுஞ்சாலைகளிலே சொந்த ஊருக்கு நடந்தார்கள். வழியில் சோறும் தண்ணீரும் கொடுத்த புண்ணியவான்கள் இருந்தார்கள். சக்கரவர்த்தியின் ஆலமரந்தான் இல்லை.

மோட்டாருக்குச் சாலை போடுவது யந்திர சாமர்த்தியம். நடப்பவனுக்கும் அதில் இடமும் நிழலும் வைப்பது ராஜ தர்மம். இரண்டாயிரத்து இருநூறு வருஷங்களுக்கு முன்பே நம் தேசம் அறிந்திருந்த தர்மம் அது.