ஆவோராக்கி மலை கண்ட நாள்

திருக்கயிலை யாத்திரை செய்தல் வேண்டுமென்னும் வேட்கை, மடத்தில் பெரியபுராணம் பாடங்கேட்ட இளமைநாள் தொட்டே அடியேனுக்கு உண்டு. ஆசிரியப் பணியினின்று ஓய்ந்தபின் அதற்கு முயன்றபோது, மருத்துவர் நெஞ்சைச் சோதித்து, அத்துணை உயரம் இவ்வுடம்பிற்கு ஆகாதென மறுத்துவிட்டார். அதனை அறிந்த என் மகள் தான் வாழும் நியூசிலாந்துக்கு அழைத்தாள். 2018ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவளும், மருமகனும், பன்னிரண்டு வயதுப் பேரனும், யானுமாகத் தென்தீவின் உள்நாட்டிற்கு வண்டியிற் சென்றோம். அப்பயணத்தில் ஒருநாட் கண்டவற்றையே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

வண்டி, கேம்பர்வேன் என அந்நாட்டார் வழங்குவது. சக்கரத்தின்மேல் வைத்த சிறுவீடெனலாம். படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி, கழிப்பிடம் யாவும் பதினைந்து முழத்துள் அடங்கும். அடுக்களையும் கழிப்பிடமும் அடுத்தடுத்திருக்கும் இடத்தில் பூசைக்கு இடங்காண்பது எங்ஙனம்? பயணநாளெல்லாம் அகப்பூசையே கைகொடுத்தது. எனினும் ஒன்று சொல்லல் வேண்டும். கழுவிய நீரையும் கழிவையும் வண்டியிலுள்ள தனித்தொட்டிகளிற் சேர்த்து, அதற்கென அமைத்த இடத்திலன்றி வேறெங்கும் விடலாகாதென்பது அங்கு விதி; அதனைக் காக்கவும் காக்கின்றனர். நீர்நிலைகளை மாசுபடுத்தலாகாதென நம் நூல்களும் கூறுகின்றன. நம் ஆற்றங்கரைகளைக் கண்டவர்க்கு மேலே சொல்ல வேண்டுவதில்லை.

தெக்காப்போ ஏரிக்கரையில் விடிந்தது. அந்நாட்டுக் கணக்கின்படி கதிரவன் ஏழரை மணிக்குப் பின்னரே எழுந்தான். நீரைத் தொட்ட விரல் மரத்துப்போகும் குளிரில் ஒருவாறு அனுட்டானம் முடித்தேன். கரையிலே 1935ஆம் ஆண்டிற் கல்லாற் கட்டிய சிறு கிறித்தவக் கோயில் ஒன்றுளது. பலிபீடத்தின் பின்னே சுவரில் ஓவியமில்லை. பெரியதொரு கண்ணாடிச் சாளரமே உள்ளது. அதன்வழி ஏரியும் மலையும் தோன்றும். கண்டவுடன் தில்லைச் சிற்றம்பலத்துத் திரை நினைவிற்கு வந்தது. ஆயின் இரண்டும் ஒன்றல்ல. கண்ணாடிக்கப்பால் அவர்கள் காண்பது இறைவனது படைப்பு. தில்லையிற் றிரைக்கப்பால் உள்ளது வெளி. ஒப்புமை கண்ட மகிழ்ச்சியில் வேற்றுமையை மறத்தல் புலமையாகாது.

நண்பகலிற் புக்காக்கி ஏரியின் தென்கோடியை அடைந்தோம். நீர் நீலமும் பாலும் கலந்தாற்போன்ற நிறத்தது. மேலேயுள்ள பனியாறுகள் மெல்ல நகரும்போது அடியிலுள்ள பாறையைத் தேய்த்து மாவாக்குகின்றன. அம்மாவு நீரிற் படியாது மிதந்து ஒளியைச் சிதறச் செய்தலின் இந்நிறம் உண்டாகின்றதாம். மடத்திற் பயிலுங் காலத்து நாடோறும் சந்தனம் அரைத்தவன் யான். அரைகல்லும் குழம்பும் எனக்குப் புதியன அல்ல. இங்கோ அரைக்குங் கல் பனி, அரைபடுவது மலை. மின்னாக்கத்தின் பொருட்டு 1952இலும் 1976இலுமாக இருமுறை இவ்வேரியின் மட்டத்தை உயர்த்தினர் என மருமகன் கூறினார்.

ஏரியின் வடதலையில் ஆவோராக்கி மலை வெண்ணிறமாய் நின்றது. உயரம் 3,724 மீட்டர். அந்நாட்டில் இதனின் உயர்ந்தது வேறில்லை. நிலவுலகின் தென்பாகமாதலின் உச்சிப்பொழுதிலும் கதிரவன் வடவானிலே, அம்மலையின் பக்கமாகவே நின்றான். வடக்கு நோக்கிய கண்ணெதிரே பனிமலை. கீழே தெளிந்தும் தெளியாத நீர். மகள் என் கையைப் பற்றி, "அப்பா, இதனையே உங்கள் கயிலையாக எண்ணிக் கும்பிடுங்கள்" என்றாள்.

அன்பினாற் கூறியது அது, யான் விடையிறுக்கவில்லை. ஆயினும் உள்ளம் அதற்கு இசைந்திலது. அப்பர் அடிகளுக்குக் கயிலைக் காட்சி திருவையாற்றிற் கிடைத்தது உண்மையே. உடல் தேய ஊர்ந்து சென்றவரைத் தடுத்து, அங்கே காட்டியவன் இறைவன்; வழி அரிதென்று அடிகள் தாமே ஐயாற்றைக் கயிலையெனக் கொண்டாரல்லர். அருளிக் கிடைப்பது வேறு. ஆறுதலுக்காக நாமே பெயர் மாற்றிக்கொள்வது வேறு.

பிற்பகலில் மலையடி ஊரிலுள்ள காட்சியகத்தை அடைந்து, அந்நிலத்துப் பழங்குடியினரின் வரலாற்றைக் கண்டேன். அவர் ங்காய் தாஹு என்னும் மாவோரிக் குலத்தார். மொழிமுதலில் ஙகரம் நிற்பதைக் கண்ட தமிழாசிரியன் வியவாதிருப்பது எவ்வாறு? நன்னூலார் அவ்வெழுத்திற்கு 'அங்ஙனம்' முதலியவற்றிற்றானே இடந்தந்தார்! வடதீவினர் 'ஆவோரங்கி' என்பதைத் தென்தீவினர் 'ஆவோராக்கி' என்பர். அவர் பேச்சில் அம்மெல்லொலி ககரமாய்த் திரியும். தம் குலப்பெயரையும் 'காய் தாஹு' என ஒலிப்பாருளர்.

அவர் மரபின்படி ஆவோராக்கி என்பான் வானத்தந்தையின் மைந்தன். உடன்பிறந்தாரோடு படகேறி மண்ணுலகு காண வந்தான். மீளுதற்கு ஓதிய மந்திரம் பிழைபட்டது. படகு சாய்ந்து கல்லாயிற்று. உயர்ந்த பக்கத்தில் ஏறிநின்ற உடன்பிறந்தாரும் அவனும் மலைகளாயினர். அப்படகே தென்தீவு. ஆகவே அம்மக்களுக்கு அம்மலை மூதாதை. 1998ஆம் ஆண்டுச் சட்டம் குக் மலை எனப்பட்டதன் முன்னே ஆவோராக்கி என்னும் பழம்பெயரைச் சேர்த்து, 'தோப்புனி' என்னும் காப்பினையும் அதற்கு அளித்தது. தலைவன் தன் மேலாடையை ஒருவர்மேற் போர்த்துத் தன் காவலுக்குரியராக்கும் வழக்கத்தினின்று வந்த பெயர் அது. மலையேறுவோர் முடியின் உச்சிமேல் மட்டும் நில்லாதிருக்க வேண்டுகின்றனர். மூதாதையின் தலையன்றோ அது!

நண்பகலில் என் உள்ளம் இசையாமைக்குரிய காரணத்தின் மறுபாதி அங்கே விளங்கிற்று. எவர் எத்தெய்வத்தை வழிபடினும் அங்கே நின்று பயன் தருவோன் சிவபிரானே எனச் சித்தியார் தெளிவிக்கும். அக்கொள்கையில் எனக்கு ஐயமில்லை. ஆயின் அது வழிபடுவார்க்குப் பயன் அருளும் முறையைக் கூறுவது. பிறர் பாட்டனுக்கு யான் புதுப்பெயர் சூட்ட உரிமை தருவதன்று. அவர் மலையைக் கயிலை என்றழைத்தால், குக் மலை என்றழைத்தவர்க்கும் எனக்கும் என்ன வேற்றுமை?

"உச்சியில் நிற்கக் கூடாதென்றால் ஏறுவது எதற்குத் தாத்தா?" என்றான் பேரன். காரைக்காலம்மையார் தலையால் நடந்த திருவாலங்காட்டைத் தம் காலால் மிதிக்க அஞ்சி, ஆளுடைய பிள்ளையார் அயலூரிலேயே தங்கிய வரலாற்றைச் சொன்னேன். "அப்படியானால் அவர் சாமியைப் பார்க்கவே இல்லையா?" என்றான். அன்றிரவு கனவில் இறைவனே எழுந்தருளித் தன்னைப் பாடுமாறு நினைவூட்டினான் என்றேன். சிறிது நேரம் பேசாதிருந்தான்.

மாலையொளி பட்டு முடி சிவந்தபோது, வண்டியருகே நின்று, வேற்றார் இல்லம் புக்கவன் அவ்வீட்டு முதியவரைக் கண்டு வணங்குமாறு வணங்கினேன். அஞ்செழுத்தை எனக்குள்ளே ஓதிக்கொண்டேன். மகள் கண்டாள், ஒன்றும் வினவிலள்.

அப்பகுதி 2012 முதல் இருள்வான் காப்பிடமாக ஏற்கப்பட்டதாதலின் இரவில் விளக்கொளி மிகக் குறைவு. வடமேற்கு வானிற் செந்நிறத் திருவாதிரையைக் கண்டு பேரனுக்குக் காட்டினேன். நம் ஊரில் தெற்கு நோக்குவார்க்கு மும்மீனுக்கு மேலே நிற்கும் அது, அங்கே கீழே தாழ்ந்திருந்தது. "தலைகீழாக இருக்கிறது, பார்" என்றேன்.

"எனக்கு இதுதான் நேர், தாத்தா, உங்கள் ஊரில்தான் தலைகீழ்" என்று சொல்லி, குளிர் தாங்காமல் வண்டிக்குள் ஓடினான்.