நிற்கும் வண்டி

அறுபத்திரண்டாம் வயதில் நான் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தேன். விரைந்து ஓடும்போது அன்று. பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு வாசலில், வண்டி நின்றுகொண்டிருந்தபோது.

அது மைசூரில் செய்யப்பட்ட பழைய எஸ்டி. அதனை உருவாக்கிய ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996ஆம் ஆண்டில் மூடப்பட்ட பின்னரும் அதனைப் பேணி ஓட்டுவதில் எனக்குப் பெருமிதம் இருந்தது. காலால் உதைத்துக் கிளப்பும் நெம்புகோலே அவ்வண்டியில் கியர் மாற்றவும் பயன்படும். அன்று மூன்றாம் முறை உதைத்தபோது என் முழங்கால் மடங்கியது. வண்டி சாய்ந்தது, நானும் சாய்ந்தேன். பிழை வண்டியுடையது அன்று. இளமையில் எனக்குப் பொருந்திய வண்டிக்கு இப்போது நான் பொருந்தவில்லை.

என்னைத் தூக்கிவிட்ட மகள், “இனிமேல் மோட்டார் சைக்கிள் வேண்டாம் அப்பா” என்றாள். அவளது அச்சம் நியாயமானது. ஆனால், பணி ஓய்வுக்குப் பின் ஊர் ஊராகச் செல்ல வேண்டும் என்பது நான் முப்பது ஆண்டுகளாகக் காத்துவைத்த ஆசை. இரண்டையும் மதிக்கும் வழியைத் தேடினேன்.

முதலில் கண்ணையும் முழங்காலையும் மருத்துவரிடம் காட்டினேன். பிறகே கடைக்குச் சென்றேன். இளைஞர்கள் வேகத்தைக் கேட்ட இடத்தில் நான் இருக்கையின் உயரத்தைக் கேட்டேன். சில வண்டிகளில் என் கால்விரல்கள் மட்டுமே தரையைத் தொட்டன. ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350 வண்டியின் இருக்கை 765 மில்லிமீட்டர் உயரமே. இரு பாதங்களும் தரையில் நன்றாகப் பதிந்தன. பொத்தானை அழுத்தினால் போதும், கிளம்பிவிடும். எடை 191 கிலோகிராம், எஸ்டியைவிட மிகுதி. ஆயினும் அதையே தேர்ந்தெடுத்தேன். ஓடும் வண்டி தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும். நிற்கும் வண்டியை நாம்தான் தாங்க வேண்டும். அதற்குப் பாதம் ஊன்ற இடம் வேண்டும். பின்னோக்கித் தள்ளுவது கடினமாதலால், சரிவை நோக்கி வண்டியை நிறுத்தாமலிருக்கவும் பழகிக்கொண்டேன்.

பராமரிப்பை நானே செய்கிறேன். ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை சங்கிலியைத் துடைத்து எண்ணெய் இடுவேன். சக்கரம் சூடேறும் முன் காற்றழுத்தத்தை அளப்பேன். வண்டியை நடு ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்தி, எஞ்சினிலுள்ள சிறு கண்ணாடி வழியே எண்ணெயின் அளவைப் பார்ப்பேன். பிரேக் தேய்மானத்தையும் நோக்குவேன்.

முதற்பயணம் மைசூருக்கு. 2023 ஆகஸ்டு முதல் அவ்விரைவுச்சாலையின் முதன்மைப் பாதையில் இருசக்கர வண்டிகளுக்கு அனுமதியில்லை. ஆகவே ஓரச்சாலை வழியாக ராமநகரம், சென்னபட்டணம், மண்டியா என மெல்லச் சென்றேன். ஒரு மணி நேரத்திற்கு ஒருமுறை இறங்கிக் கால்களை நீட்டினேன். தேநீர்க் கடைகளில் பேச்சுத்துணையும் கிடைத்தது. இருட்டும் முன் மைசூரை அடைந்து மகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

எங்களுக்குள் ஓர் உடன்பாடு உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறன்று அவள் எதிரில் நான் வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்ற வேண்டும். பிறர் துணையின்றி ஏற்ற இயலாத நாளில் சாவியை அவளிடம் கொடுத்துவிட வேண்டும். சென்ற ஞாயிறு ஏற்றினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தலைக்கவசத்தைத் துடைத்து என் கையில் கொடுத்தாள்.