ஒளியின் கைமாற்று

கறுத்த பொருளுக்குள் புகுந்த ஒளி மாயும். இது நாம் பள்ளியிலே படித்த பாடம். ஆனால், 1967-ஆம் ஆண்டில் மக்கால், ஹான் என்னும் இரு அறிஞர்கள் அதற்கு ஒரு விலக்கைக் கண்டனர். மிகக் குளிரவைத்த ரூபிப் படிகத்தினூடே அவர்கள் லேசர் ஒளியைச் செலுத்தினர். மெலிந்த துடிப்பைப் படிகம் விழுங்கிவிட்டது. ஓர் அளவுக்கு மேல் வலிமையுற்ற துடிப்போ, பெரிதும் குன்றாமல் மறுபுறம் வெளிவந்தது!

நண்பர்களே, என் ஆய்வு இத்துறையைச் சார்ந்தது. ஓசூர்ச் சாலையில் பேருந்துகள் இரைந்தோடும் சந்தாபுராவில் என் தந்தையார் தையற்கடை நடத்துகிறார். அடுத்த ஆண்டும் ஆய்வைத் தொடர்வதா, அருகே எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை தேடுவதா என்னும் கேள்வி வீட்டில் எழுந்தது. அவர் சினக்கவில்லை. "நீ படிக்கிறது என்னன்னு எனக்கு விளங்கற மாதிரி சொல்லுப்பா. அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றார்.

ஆங்கிலத்திலே கற்ற பாடம். தமிழில் சொல் தேடினேன். கடைத்தெருச் சொல்லே கைகொடுத்தது. துடிப்பின் முற்பகுதி அணுக்களுக்கு ஆற்றலைக் கைமாற்றாகக் கொடுக்கிறது. பிற்பகுதி வரும்போது அணுக்கள் அதைத் திருப்பித் தருகின்றன. இக்கொடுக்கல் வாங்கலால் துடிப்பின் வேகம் குறையும், வடிவம் குலையாது. இவ்வாறு வடிவம் குலையாமல் செல்லும் அலையே சாலிட்டான்.

"திருப்பித் தர நாளாச்சுன்னா?" என்றார்.

கடன் வாராக் கடனாகும், ஆற்றல் சிதறிப்போகும். ஆகையால் துடிப்பு மிகக் குறுகியதாக இருத்தல் வேண்டும் என்றேன்.

பின்னும் சொன்னேன்: அந்த அணுக்களை ஒளியின் அரை அலைநீள இடைவெளியில் மெல்லிய அடுக்குகளாக வைத்தால், ஒவ்வோர் அடுக்கும் சிறிது ஒளியைத் திருப்பும், எல்லாம் ஒன்றுகூடிக் கண்ணாடிபோல் வழிமறிக்கும். விழுங்குவது ஒரு தடை, திருப்புவது மற்றொரு தடை. இரண்டையும் மீறித் தகுந்த துடிப்புச் செல்லக்கூடும் என 1995-இல் கோழெக்கின், குரிட்ஸ்கி இருவரும் கணித வழியே காட்டினர். அது அடுக்குகளிடையே அசையாது நிற்கவும் கூடும் என்று 1998-இல் மலோமெட்டும் சேர்ந்து காட்டினார்.

"நிக்கிற வெளிச்சமா!" அப்பாவின் கத்தரிக்கோல் நின்றது.

நம் திருச்சிப் பாரதிதாசன் பல்கலைக்கழகத்து அறிஞர்களான இராதாகிருஷ்ணனும் இலட்சுமணனும், பின்லாந்தின் ஹியட்டரிண்டாவும், ஒளியிழையில் மோதும் சாலிட்டான்கள் தம் ஆற்றலைப் பகிர்ந்து மாற்றிக்கொள்ள வல்லவை என்று 1997-இல் எழுதியதையும் கூறினேன். "நம்ம பக்கத்து ஆளுங்களா?" என்று கேட்டவர், ஓராண்டு அவகாசம் தந்தார்.

தோழர்களே! நீங்கள் பயிலும் துறையை உங்கள் வீட்டாருக்குத் தமிழில் சொல்லிப் பாருங்கள். அவர்கள் கேட்கும் கேள்வி, தேர்வாளர் கேட்கும் கேள்வியினும் கூரியது. சொல் எங்கே தடைப்படுகிறதோ, அங்கேதான் நாம் இன்னும் படிக்க வேண்டும்.