முதலாம் கியரின் பொறுமை

நமது கல்லூரியின் விழா மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபொழுது, கல்லூரி நாட்களைப் பற்றியே எழுதலாமென முதலில் எண்ணினேன். ஆயின், அந்நாட்களை என்னிலும் நயமாக நினைவுகூர வல்ல நண்பர் பலர் இம்மலரில் எழுதுவர். அங்கே பௌதிகம் கற்று, பின்னர் அதனையே சம்மாந்துறையில் நெடுங்காலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். கற்றது ஒருவருக்குப் பயன்பட்ட கதையைச் சொல்வதே கல்லூரிக்குச் செலுத்தும் நன்றியாகுமெனத் தோன்றிற்று. கதை ஒரு மோட்டார் வண்டியைப் பற்றியது; அன்பர்கள் பொறுத்தருள்க.

சம்மாந்துறை நெல் விளையும் பூமி. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் வாய்க்கால்கள் இப்பகுதி வட்டைகளுக்கு நீரூட்டுகின்றன. இங்குள்ள இளைஞர் பலர் உழவு இயந்திரத்திலேயே முதன்முதல் கியர் மாற்றக் கற்பவர்கள். பின்னர் லொறி, அதன் பின்னரே கார். கிளச்சை மிதிப்பது அவர்களுக்கு நடப்பதைப் போன்றதோர் இயல்பு. இந்த இயல்பே ஒரு வீட்டில் இடராய் வந்து முடிந்தது.

என்னிடம் கற்ற மாணவர் ஒருவர் பல்லாண்டு நெல் லொறி ஓட்டியவர். அவர் 2018இல் கொழும்பிலிருந்து சுசுகி அல்டோ வேர்க்ஸ் என்னும் சிறிய பந்தயக் காரொன்றை ஆசையோடு வாங்கி வந்தார். 2015ஆம் ஆண்டின் இறுதியில் யப்பானில் வெளிவந்த அவ்வண்டியின் என்ஜின் 658 கன சென்ரிமீற்றர் அளவினதே. எனினும் டர்போவின் துணையால் 64 குதிரைவலு தருவது. சாதாரணக் கைக்கியர் பூட்டியும், கியரைத் தானே மாற்றும் பொறி பூட்டியும் இருவகையாய் அது விற்கப்பட்டது. இவருடையது இரண்டாம் வகை.

வண்டி ஓடும்போது குறையொன்றுமில்லை. நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது மட்டும் முயலைப் போலத் துள்ளிற்று. இளைஞர் மாத்திரம் செல்வதாயின் அது வேடிக்கையாய் முடிந்திருக்கும். ஆனால் அவருடைய தந்தையார், ஊரில் மதிப்புள்ள போடியார், களத்தில் விழுந்து முதுகெலும்பில் அடிபட்டவர். மாதந்தோறும் அவரை அம்பாறை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஹிஜ்ரா சந்தியில் நின்று புறப்படும் ஒவ்வொரு முறையும் அப்பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டார். ஒருநாள் பாதி வழியிலே வண்டியை நிறுத்தச் செய்து, “இனி இதில் நான் ஏறமாட்டேன்” என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதம் கிளினிக்கிற்கே அவர் செல்லவில்லை.

“சேர், கிளச் தட்டு தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். அதற்குக் கேட்கும் காசுக்கு ஒரு போகத்து இலாபம் போய்விடும். வாப்பாவோ வைத்தியசாலைக்கே வரமாட்டேன் என்கிறார்” என்று மாணவர் என்னிடம் வந்து வருந்தினார்.

நான் அவர் அருகிலமர்ந்து வீதியில் சிறிது தூரம் சென்று பார்த்தேன். ஏற்றத்தில் முழு வேகம் கொடுத்தபோது என்ஜினின் சுழற்சி வீணே உயரவில்லை. சில்லுகளோடு ஒத்தே ஏறிற்று. தட்டு வழுக்கவில்லையென அதனால் விளங்கிற்று. குறை புறப்படும் முறையிலேயே இருந்தது.

இதன் காரணத்தை அறிய, பொறியின் உள்ளே சற்று நோக்குதல் வேண்டும். வண்டி நிற்கையில் என்ஜின் நிமிடத்துக்குப் பல நூறு முறை சுழல்கிறது, சில்லுகளோ சுழல்வதில்லை. ஓடும் ஒன்றையும் நிற்கும் ஒன்றையும் உடையாமல் இணைப்பதே கிளச்சின் வேலை. இரு தட்டுகள் முதலில் உரசி வழுக்கி, பின்னர் ஒன்றையொன்று இறுகப் பற்றுகின்றன. வழமையான ஓட்டோ கார்களில் இவ்விணைப்பை எண்ணெய் செய்கிறது; ஆதலின் அங்கே துள்ளல் அரிது. நம் மாணவரின் வண்டி அவ்வினத்தைச் சேர்ந்ததன்று. அதிலிருப்பது லொறியிலுள்ளது போன்ற உலர் கிளச்சும் பற்சில்லுகளுமே. இடது காலின் வேலையை மட்டும் கணினியும் அதன் ஏவலில் இயங்கும் பொறியும் ஏற்றுக்கொண்டுள்ளன. 2014இல் இந்தியாவில் வெளிவந்து, பின் நம் வீதிகளிலும் காணப்பட்ட செலேரியோவின் தன்மையும் இதுவே.

அந்தக் கணினிக்குக் கண்ணில்லை. சாரதியின் மனத்தை அறிவதற்கு அதற்குள்ள முதன்மையான வழி அவருடைய வலது காலே. லொறிச் சாரதிகள் கிளச் பற்றும் இடத்தில் அக்சிலறேற்றரைச் சற்று அமுக்கியும் தளர்த்தியும் சமன் செய்வர். அது அவர்களது கைவந்த கலை. ஆனால் இங்கே கால் தளர்ந்தவுடன், ‘சாரதி புறப்பட விரும்பவில்லை’ என்று கருதிக் கணினி தட்டை விலக்குகிறது. மீண்டும் அமுக்கியவுடன் அவசரமாய்ப் பற்றுகிறது. ஒரே பானையை இருவர் இரு திசையில் அகப்பையால் துழாவுவது போன்ற நிலை இது. அவரது திறமையே துள்ளலுக்குக் காரணமாயிற்று.

பந்தய உலகம் இதில் நமக்கொரு பாடம் தருகிறது. 1989இல் பிரேசில் பந்தயத்தில் நைஜல் மான்செல் வென்ற பெராரி வண்டி, ஸ்டியரிங்கின் பின்னுள்ள துடுப்பை விரலால் இழுத்துக் கியர் மாற்றும் முறையை உலகறியச் செய்தது. 1997இல் அம்முறை பெராரியின் வீதி வண்டிக்கும் வந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் போர்முலா வண் களத்தில் இறங்கியபோது, அவரது ஜோர்டன் வண்டியிலும் கியர் மாற்றுவது பொறியின் வேலையாகவே இருந்தது. புறப்படுதல் மாத்திரம் அவ்வாறன்று. புறப்பாட்டைக் கணினியே நடத்தும் ஏற்பாட்டை 2004ஆம் ஆண்டு முதல் விதிகள் தடை செய்திருந்தன. கிளச்சை விடுவிப்பது சாரதியின் கைத்திறனாகவே நின்றது. பந்தயத்தில் மிகக் கடினமான கணங்களுள் ஒன்று புறப்படுங்கணம் என்பதை இது காட்டுகிறது.

அறுவடை முடிந்த காலமாதலால் வட்டைக்குச் செல்லும் பாதை வெறிச்சோடிக் கிடந்தது. அங்கே பயிற்சியைத் தொடங்கினோம். போடியார் அமரும் பின்னாசனத்தின் கீழே அரைவாளி நீர் வைத்தோம். பின்னாலிருப்பவர் படும்பாட்டை முன்னாலிருப்பவர் அறிய வேறு வழியில்லை. முதல் நாள் நீரிற் பெரும்பகுதி கால்விரிப்பிலே சிந்திற்று.

நான் கூறியவை இவையே. பிரேக்கை மிதித்தபடி என்ஜினை இயக்கி, அதன் ஓட்டம் அமைதியுறும்வரை பொறுக்க வேண்டும். கியரிலிட்டதும் உடனே விரையாது, பற்சில்லு பொருந்த ஒரு விநாடி கொடுக்க வேண்டும். பின் பிரேக்கை முற்றாக விட்டு, வண்டி தானே ஊரத் தொடங்குகிறதா என நோக்க வேண்டும். ஊர்ந்தால் அதன்மேல் மெல்ல அமுக்கலாம். சில வண்டிகள் ஊர்வதில்லை, அவற்றுக்கு முதலிலேயே சிறிதளவு அமுக்கம் தேவை. எதுவாயினும், அமுக்கிய காலைக் கிளச் பற்றும்வரை கூட்டவும் குறைக்கவும் கூடாது. பற்றிய பின்னரே வேகம் கேட்கலாம். முதலாவதிலிருந்து இரண்டாவது கியருக்கு மாறுகையில் மட்டும் காலைச் சற்றுத் தளர்த்தினால் தலை முன்னே சாயாது.

வாய்க்கால் அணைக்கட்டில் ஏறும் சரிவில் வேறொரு பாடமிருந்தது. அங்கே அக்சிலறேற்றரை இலேசாய் அமுக்கியபடி வண்டியை ஏற்றத்தில் தாங்கி நிறுத்துவது தகாது. தட்டு ஓயாது உரசிச் சூடேறிக் கருகும். பட்டறைக்காரர் சொன்னது அப்பொழுது உண்மையாகிவிடும். கைப்பிரேக்கால் நிறுத்தி, வண்டி முன்னே இழுப்பதை உணர்ந்தபின் அதனைத் தளர்த்துவதே முறை. சில கணம் வண்டியைத் தாமே பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு உடைய வண்டிகளும் உண்டு. எனினும் பின்னாலே சிறுவர் நிற்கக்கூடிய ஊர்ப்பாதைகளில் கைப்பிரேக்கே நம்பத்தக்கது.

“கால் சும்மா இருக்கமாட்டேன் என்கிறதே, சேர்” என்று மூன்றாம் நாள் மாணவர் சலித்துக்கொண்டார். “தம்பி, கணினி உம்மிடம் திறமையைக் கேட்கவில்லை, தெளிவான ஒரு சொல்லைக் கேட்கிறது” என்றேன். பத்து நாளளவில் வாளி நீர் அசைந்ததேயன்றிச் சிந்தவில்லை.

அடுத்த கிளினிக் நாளன்று, மிகுந்த வற்புறுத்தலின் பின் போடியார் ஏறினார். போகும் வழியில் ஒன்றும் பேசவில்லை என்று மாணவர் சொன்னார். திரும்பும்போது, ஹிஜ்ரா சந்தியிலே நின்று புறப்பட்ட பின்னர், வட்டையைப் பார்த்துப் பல மாதமாயிற்று, அந்தப் பக்கமாய் விடு என்றாராம். அணைக்கட்டின் மேலே வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, நெடுநேரம் வயலைப் பார்த்திருந்தார் என்றும் அறிந்தேன். கிளச் தட்டு அன்றும் பழைய தட்டே.

புதிய பொறிகள் நம் வேலையிற் பாதியை எடுத்துக்கொள்ளும் காலம் இது. எஞ்சிய பாதியை நாம் முன்னிலும் தெளிவாய்ச் செய்தாலன்றி அவை நமக்குத் துணையாகா. பொறியின் உள்ளே நிகழ்வதை அறிந்த பின்னரே அதனைக் குறை கூறு என்று நமது ஆசிரியர்கள் கற்பித்தார்கள். அப்பாடம் ஒரு முதியவரின் முதுகு நோவைக் குறைத்ததென எண்ணுகையில் உள்ளம் நிறைகிறது. அத்தகைய ஆசான்களை நமக்களித்த கல்லூரி அன்னை நீடூழி வாழ்க.