கருப்பட்டியும் வேதாகமப் பையும்

ஆராதனை முடிந்து தேநீர் மேசைக்கு வந்தால், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளில் யாராவது எங்கள் கையைப் பிடித்து இழுப்பார்கள். "கருப்பட்டி எப்படி இருக்கிறான்? எங்கள் அம்மாவிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்களேன்." பின்னால் நிற்கும் அந்த அம்மா எங்களைப் பார்க்கும் பார்வை வேறு மாதிரி இருக்கும். நாய்க்குட்டி வாங்குவதா வேண்டாமா என்ற வழக்கு இப்போது நம் சபையில் பல வீடுகளில் நடக்கிறது. ஆகவே அக்காவும் தம்பியுமாகிய நாங்கள் இருவரும் சேர்ந்து நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறோம். சில இடங்களை எழுத எங்களுக்கே வெட்கமாக இருந்தது.

கருப்பட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது 2020 ஜூன் மாதக் கடைசியில், பள்ளி விடுமுறையில். அவனுக்கு அப்போது எட்டு வாரம். எங்களுக்குப் பதினைந்தும் பன்னிரண்டும். நிறத்தைப் பார்த்த உடனேயே பெயர்ச் சண்டை தொடங்கிவிட்டது. அப்பா நாகர்கோவில், அவருக்கு அது கருப்பட்டி. அம்மாவும் அம்மம்மாவும் உடுவில். அவர்களுக்கு அது பனங்கட்டி. வாக்கெடுப்பில் அப்பா எங்கள் இரண்டு வாக்கையும் ஐஸ்கிரீம் கொடுத்து வாங்கினார். விக்டோரியாவில் மூன்று மாதம் ஆன நாயை உள்ளூராட்சி மன்றத்தில் பதிவு செய்தாக வேண்டும், மைக்ரோசிப்பும் இருக்க வேண்டும். அந்தப் பதிவில் அவன் பெயர் கருப்பட்டி. கூப்பிடுவது பட்டி. மலையாளத்தில் பட்டி என்றால் நாய்தான் என்று அப்பாவுக்கு முதலிலேயே தெரியும். சிரிப்பதற்காகச் சொல்லாமல் வைத்திருந்தார்.

அவன் ஒரு லாப்ரடூடில். எங்களில் சின்னவனுக்கு இளைப்பு உண்டு என்பதால், முடி கொட்டாத நாய் என்று தேடி அதை வாங்கினோம். இந்தக் கலப்பு பிரபலமானதே மெல்பேர்னிலிருந்துதான் என்பது பிறகுதான் தெரிந்தது. 1989இல் இங்கே வழிகாட்டி நாய்ச் சங்கத்தில் இருந்த வாலி கொன்ரன் என்பவர், ஹவாயில் பார்வையற்ற ஒரு பெண்ணுக்காக லாப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார். அந்தப் பெண்ணின் கணவருக்கு நாய் முடி ஒவ்வாது. பிறந்த மூன்று குட்டிகளின் முடியையும் உமிழ்நீரையும் ஹவாய்க்கு அனுப்பிப் பார்த்ததில், ஒவ்வாமை தராதது ஒரே ஒரு குட்டி. மூன்றில் ஒன்று! லாப்ரடூடில் என்றால் யாருக்கும் ஒன்றும் செய்யாது என்று நம்பி வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சின்னவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம், கெட்டித்தனம் அல்ல. இந்தக் கலப்பைத் தொடங்கிவைத்ததற்காகப் பின்னாளில் தான் வருந்துவதாக அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

இனத்தைப் பற்றி மாதக்கணக்கில் படித்த நாங்கள், குட்டி வந்த பிறகு என்ன செய்வது என்று ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. முதல் வாரத்தில் கார்பெட் முழுவதும் அவன் கணக்கில் போனது. அதுவோ வாடகை வீடு. இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மணி நேரம், மிஞ்சினால் மூன்று மணி நேரம் அடக்கிக்கொள்ள முடியும், அது இரவிலும்தான். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் தூக்கிக்கொண்டு புல்வெளிக்கு ஓட வேண்டும். ஜூலை மாதம் விடியற்காலை மூன்று மணிக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு புல்லில் நின்று, "போ பட்டி, போ" என்று கெஞ்சிய அப்பாவை நாங்கள் படம் எடுத்து வைத்திருக்கிறோம். எங்களில் ஒருவர் (யார் என்று சொல்வதாக இல்லை) பொறுமை இழந்து, அவன் மூக்கை ஈரமான இடத்தில் தேய்த்து, செய்தித்தாளால் ஒரு அடியும் கொடுத்தார். ஊரில் அப்படித்தான் செய்வார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு. பட்டி அதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டான்: இவர்கள் பார்க்கும்போது போகக் கூடாது. அதன்பின் சோபாவுக்குப் பின்னால் போய் இருந்துவிட்டு வந்தான். அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒன்பது நாள் ஆனது.

கடியைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம். இருபத்தெட்டு பால் பல்லும் ஊசிதான். அம்மம்மாவின் சேலைக் கரைகளைக் கேட்டால் அவையே சாட்சி சொல்லும். கத்தினால் அவன் அதை விளையாட்டு என்று நினைத்தான். பேசாமல் எழுந்து அறையை விட்டு வெளியே போனால்தான் புரிந்தது. ஃப்ரீசரில் வைத்த கேரட் ஒரு பெரிய உதவி.

"இரு" என்ற சொல்லைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்மம்மா "இரு" என்றால் உட்கார் என்று அர்த்தம். வீட்டுக்கு வருகிறவர்களையும் "வாங்கோ, இருங்கோ" என்றுதான் சொல்வார். அப்பா "இரு" என்றால் பொறு, அங்கேயே நில் என்று அர்த்தம். நாங்கள் இருவரும் ஆங்கிலத்தில் 'சிட்' என்றோம். பட்டி ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, பாதி உட்கார்ந்து, பாதி எழுந்து நிற்பான். நாய்க்கு மூளை இல்லை என்று ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தோம். கடைசியில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினோம். உட்காருவதற்கு 'இரு', நிற்பதற்கு 'நில்', வருவதற்கு 'வா', விடுவதற்கு 'விடு'. அம்மம்மா ஜெயித்தார். மூன்றாம் நாளே அவன் சரியாகச் செய்தான். அப்பாவுக்கு மூன்று வாரம் பிடித்தது.

இதற்குள் ஊரடங்கு வந்துவிட்டது. ஜூலை 8ஆம் தேதி நள்ளிரவில் தொடங்கி 112 நாள். ஜூலை 23இலிருந்து எல்லார் முகத்திலும் முகக்கவசம். ஆகஸ்ட் 2இலிருந்து வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள், ஒரு நாளைக்கு ஒரு மணி நேர நடை. மிருக வைத்தியரிடம் போனால் நாங்கள் காரிலேயே இருக்க வேண்டும்; தாதி வெளியே வந்து குட்டியைத் தூக்கிக்கொண்டு போவார். குட்டிகளுக்கான பயிற்சி வகுப்பும் இல்லை. நாங்கள் இதை ஒரு பெரிய கொடுப்பினையாக நினைத்தோம். பள்ளி இல்லை, அப்பாவுக்கு அலுவலகம் இல்லை, ஐந்து பேரும் நாள் முழுவதும் வீட்டில். நாய்க்குட்டி வளர்க்க இதைவிட நல்ல காலம் உண்டா?

அதைவிடக் கெட்ட காலம் இருக்க முடியாது என்பது பிறகு தெரிந்தது. நாய்க்குட்டிக்கு மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டு, பதினான்காவது வாரம் வரை ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. அப்போது எதையெல்லாம் பயமில்லாமல் பார்க்கிறதோ, அதெல்லாம் அதன் உலகத்தில் சேர்ந்துவிடும். பிறகு வருவதெல்லாம் அந்நியம். அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் பல ஆண்டுகள் நாய்களை வளர்த்துப் பார்த்து 1965இல் இதைப் பெரிய புத்தகமாக எழுதினார்கள். வழிகாட்டி நாய்களாகப் போகும் குட்டிகளைத் தன்னார்வக் குடும்பங்களில் ஏறக்குறைய ஒரு வருடம் விடுவதும் இதற்காகத்தான்: டிராம், கடை, மாடிப்படி, குழந்தைகள் எல்லாம் பழக வேண்டும். எங்கள் பட்டிக்கு அந்த வாரங்களில் கிடைத்தது ஐந்து முகங்களும் ஒரு வேலியும். தொப்பி தெரியாது, தாடி தெரியாது, குடை தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தனியாக இருப்பது என்றால் என்னவென்றே தெரியாது.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்க வீட்டு நாயை நாங்களா பழக்கினோம், மக்களே? தெருதான் பழக்கிச்சு" என்றார். ஊரில் அவர்கள் வீட்டு நாய் வாசலில் கிடக்கும். மீன்காரர், தபால்காரர், பள்ளிப் பிள்ளைகள், பக்கத்து வீட்டு ஆடு எல்லாம் அதற்குத் தெரியும். பூட்டிய வீட்டுக்குள் அது ஒரு மணி நேரம்கூட இருந்ததில்லை. அம்மம்மாவோ முதல் நாளிலிருந்தே, "நாய் எண்டால் வளவுக்குள்ள கிடக்கும். வீட்டுக்குள்ள நாயோ?" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். வேதத்தில் நாய்க்கு நல்ல பெயரே இல்லை என்றும் சொல்வார். லாசருவின் புண்களை நக்கியது நாய்தானே என்று சின்னவன் எதிர்வாதம் செய்வான்.

நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக ஐந்து பேரும் சேர்ந்து கோயிலுக்குப் புறப்பட்டோம். எவ்வளவு சந்தோஷம்! பட்டியை லாண்டரி அறையில் விட்டுக் கதவைச் சாத்தினோம். மூன்று மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், கதவின் அடிப்பகுதி பெயர்ந்து கிடந்தது. வெள்ளைக் கதவில் சிவப்புக் கோடுகள். முன்கால் நகங்கள் இரண்டு உடைந்து ரத்தம். குரைத்துக் குரைத்துத் தொண்டை கட்டி, எங்களைக் கண்டதும் சத்தமே வரவில்லை, வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. அன்று மாலை தபால்பெட்டியில் பக்கத்து வீட்டு மூதாட்டி எழுதிய ஒரு துண்டுக் கடிதம் இருந்தது. கோபமாக இல்லை. உங்கள் நாய் நீங்கள் போன நேரம் முதல் வரும் வரை அழுதது, உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதினேன், அவ்வளவுதான். விக்டோரியாச் சட்டப்படி ஓயாமல் குரைக்கும் நாயைப் பற்றி அவர் உள்ளூராட்சி மன்றத்தில் முறையிட்டிருக்கலாம். அப்பா அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, இப்படியே போனால் வேறு வீடு பார்த்துக் கொடுத்துவிடலாம் என்றார்.

அடுத்த ஞாயிறு அம்மம்மாவுக்கு முழங்கால் நோ. வரவில்லை, சூமில் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அதற்கடுத்த ஞாயிறும் முழங்கால் நோ. நாங்கள் போய்வந்தோம், பட்டி அமைதியாக இருந்தான், சரியாகிவிட்டான் என்று சந்தோஷப்பட்டோம். கிறிஸ்மஸ் ஆராதனையைக்கூட அவர் வீட்டிலிருந்தே பார்த்தார். பிப்ரவரியில் அம்மா அவருக்கு பிசியோதெரபிக்கு நேரம் வாங்கியபோதுதான் உண்மை வந்தது. "முழங்காலுக்கு ஒண்டும் இல்லைப் பிள்ளை. அது தனியக் கிடந்து குழறுது. நான் பக்கத்தில இருந்தால் பேசாமல் கிடக்கும். நீங்கள் போட்டு வாங்கோ."

வீட்டுக்குள் நாய் வேண்டாம் என்ற ஒரே ஆள் அவர். பார்த்துக்கொள்கிறோம், உங்களுக்கு ஒரு வேலையும் இருக்காது என்று சத்தியம் பண்ணிக் குட்டியை வாங்கியவர்கள் நாங்கள். ஏறக்குறைய இரண்டரை மாதம் அவர் கோயிலுக்கு வரவில்லை. நாங்கள் முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்ததுகூட இல்லை.

அடுத்த ஞாயிறு முதல் முறைவைத்து ஒருவர் வீட்டில் நின்றோம், அம்மம்மாவைத் தவிர. முதல் முறை அப்பாவுக்கு. வாரநாட்களில் மிருக வைத்தியரிடம் இருந்த தாதி சொல்லித்தந்தபடி பயிற்சி தொடங்கினோம். முதலில், நாங்கள் போகப்போகிறோம் என்று அவனுக்கு எது சொல்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். சாவி என்று நினைத்தோம். இல்லை. அம்மாவின் சேலை கொஞ்சம். உண்மையான குற்றவாளி அம்மம்மாவின் வேதாகமப் பை. அலமாரியிலிருந்து அதை எடுத்தாலே மூச்சு வாங்கத் தொடங்கிவிடுவான், வாயில் எச்சில் வழியும்.

ஆகவே ஒரு நாளைக்கு இருபது முறை அந்தப் பையை எடுத்தோம். எடுத்துக்கொண்டு போய் டிவி முன்னால் உட்கார்ந்தோம். பையோடு சமைத்தோம், பையோடு பல் தேய்த்தோம். பத்து நாளில் பை வெறும் பையாகிவிட்டது. பிறகு கதவைத் திறந்து மூடுவது. பிறகு வெளியே பத்து விநாடி. முப்பது விநாடி. இரண்டு நிமிடம். அவன் அழத் தொடங்குவதற்கு முன்பே திரும்பி வர வேண்டும். அழுதுவிட்டால் நாம் அவசரப்பட்டோம் என்று அர்த்தம், மறுபடி கீழே இறங்க வேண்டும். போகும்போது மட்டும் கொடுக்க, கோழியும் சோறும் அடைத்து உறைய வைத்த காங் ரப்பர் பொம்மை ஒன்று. ஐந்து நிமிடத்திலிருந்து பதினைந்துக்குத் தாவியபோது எல்லாம் கெட்டு, ஒரு நிமிடத்துக்கே திரும்பினோம். பிப்ரவரியில் வந்த ஐந்து நாள் ஊரடங்கு வேறு. ஐந்து பேரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தபால்பெட்டி பக்கத்தில் சும்மா நிற்பதைக் கண்டு தெருவே எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தது. நாற்பது நிமிடத்தைத் தாண்டுவதுதான் கடினம். அதைத் தாண்டியபின் ஒன்றரை மணி, இரண்டரை மணி என்று அவனே ஏறினான்.

ஏப்ரல் 4, 2021, உயிர்த்தெழுந்த ஞாயிறு. ஐந்து பேரும் காரில் ஏறினோம். பிரசங்கம் என்ன என்று கேட்காதீர்கள். திரும்பி வந்தபோது மூதாட்டி வேலியோரம் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எங்கள் உடுப்பைப் பார்த்துவிட்டு, "ஓ, இன்றைக்கு வெளியே போயிருந்தீர்களா? வீட்டில் இருக்கிறீர்கள் என்று நினைத்தேன்" என்றார். அம்மம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. ஆனால் அது அவருக்குப் புரிந்தது. உள்ளே போய், மீன் குழம்புக்கு வைத்திருந்த மீனில் ஒரு துண்டை முள் எடுத்து, உப்பில்லாமல் அவித்து அவனுக்கு வைத்தார்.

இன்னும் ஒன்று. கிறிஸ்மஸ் கேக்கை எட்டாத உயரத்தில் வையுங்கள். உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயம், பூண்டு, சாக்லேட், மக்கடேமியாக் கொட்டை எதுவும் ஆகாது. ஒரு துண்டு ரிச் கேக்குக்காக நடு இரவில் அவசர மிருக வைத்தியசாலைக்கு ஓடிய கதையை நேரில் கேட்டால் சொல்கிறோம்.

அந்த ஜன்னல் மூடிய பிறகு வந்தவை எல்லாம் அவனுக்குச் சரியாகவில்லை. தொப்பியும் தாடியும் இன்றும் ஆகாது. ஆகையால் இந்த வருடம் கேரல் பாட எங்கள் வீட்டுக்கு வரும் வாலிபர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கிறிஸ்மஸ் தாத்தா தாடியைக் கேற்றுக்கு வெளியே கழற்றி, முகத்தைக் காட்டி, "பட்டி, இரு" என்று சொல்லிவிட்டு உள்ளே வரவும். சாப்பாடு உண்டு.