குற்றாலத்துச் சீசன்

தென்காசிப் பக்கம் ‘சீசன்’ என்றால் குற்றாலத்தில் அருவி விழும் காலம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கணவாய் வழியே சாரலைக் கொண்டுவரும். கடைகளில் மங்குஸ்தான், ரம்புட்டான் குவியும். “சீசன் எப்படிண்ணே?” என்றால் “மெயினருவில சுமாரு, ஐந்தருவில நல்லா விழுது” என்று பதில் வரும். மழை பொய்த்தால் ஜூலையிலும் ‘சீசன் இல்ல’தான்.

இந்தச் சொல்லைத் தன் மொழியின் ‘செஸோன்’ (பருவம்) என்று எடுத்துக்கொள்ளும் பிரெஞ்சுக்காரருக்கு இங்கேதான் குழப்பம். அவருடைய ‘செஸோன்’ காலண்டர்படி வந்துவிடும்; சுற்றுலாக் கூட்டம் என்ற பொருள் மட்டும் இரண்டுக்கும் பொது. ஐப்பசி மழையில் அருவி கொட்டினாலும் ஊர்க்காரர் அதை வெறுமனே சீசன் என்பதில்லை. கார்த்திகையில் மாலை போட்டவர்கள் வந்து குளித்தால் ‘ஐயப்ப சீசன்’. ரயில் நிலையத்தில் சீசன் கேட்டால், மாதாந்திரப் பயணச்சீட்டு.