பழியும் பழுதும்

நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலை நாடி வந்த தமிழர் பலர் குடியேறிய இடம் மும்பையின் தாராவி. அங்கே தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், ஒருவர் சிறிய தையற்கூடம் நடத்தி வந்தார். தையற்காரர்களுக்குத் தரவேண்டிய கூலிக்கணக்கு முழுவதும் ஒரு பழைய கணினியில் இருந்தது. எட்டாம் வகுப்பில் பயிலும் அவருடைய மகளே அதனை நாள்தோறும் பதிவு செய்து வந்தாள்.

ஆடி மாத மழையில் கூரை ஒழுகியது. கணினிக்குள் நீர் இறங்கி, மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகை பழுதாயிற்று. செயலி, நினைவகம், வன்தட்டு ஆகிய உறுப்புகளை ஒன்றாக இணைக்கும் பலகை அது. சிறுமியின் சித்தப்பா மாகிமில் புறநகர் ரயிலேறி, கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்கி, மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற லாமிங்டன் சாலைக்குச் சென்றார். பழைய செயலிக்குப் பொருந்தும் தாய்ப்பலகை ஒன்றைக் குறைந்த விலையில் வாங்கி வந்து பொருத்தினார்.

பொத்தானை அழுத்தியதும் விசிறி சுழன்றது. திரையோ இருண்டே கிடந்தது.

“பழுதான பொருளை நம் தலையில் கட்டிவிட்டான் அந்தக் கடைக்காரன்! நாளைக் காலையில் நானே போய்க் கேட்கிறேன்” என்று தந்தை சினந்தார்.

“அப்பா, முதலில் நாம் பொருத்தியதைச் சரிபார்த்துவிடலாமே” என்றாள் மகள்.

சித்தப்பா மின்கம்பியைப் பிடுங்கினார். உடலில் தங்கிய நிலைமின்சாரம் நுண்ணிய உறுப்புகளைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காகக் கணினிப் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டார். இன்றியமையாத உறுப்புகளைத் தவிர மற்றவற்றைக் கழற்றினார். நினைவகத்தை எடுத்து, ‘கிளிக்’ என்னும் ஓசை கேட்கும்வரை மீண்டும் அழுத்திப் பொருத்தினார். பயன் இல்லை.

கணினி தன்னைத் தானே சோதித்த பின்பே பணியைத் தொடங்கும். 1981இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட தனிநபர் கணினி, குறை ஏதும் இல்லையெனில் ஒருமுறை சுருக்கமாக ஒலிக்கும். இவர்களுடைய பழைய கணினியும் அவ்வாறு ஒலிப்பதே வழக்கம். இப்போது ஒலியே எழவில்லை. “செயலியே விழிக்கவில்லை போலும்” என்றார் சித்தப்பா.

சிறுமி கைவிளக்கின் ஒளியைப் பலகையின் மூலைமுடுக்கெல்லாம் செலுத்தினாள். “சித்தப்பா, இங்கே நான்கு துளைகள் வெறுமையாக இருக்கின்றனவே!” என்றாள். இருபத்து நான்கு துளைகள் கொண்ட பெரிய இணைப்பு பொருத்தப்பட்டிருந்தது. அதனால்தான் விசிறி சுழன்றது. செயலிக்கென உள்ள தனி மின்னிணைப்போ விடுபட்டிருந்தது.

“தவறு என்னுடையதுதான், அண்ணே” என்றார் சித்தப்பா, தலைகுனிந்து.

அதனைப் பொருத்தியதும் பழகிய ஒலி எழுந்தது. திரையும் ஒளிர்ந்தது. ஆயினும், இயங்குதளம் காணப்படவில்லை என்னும் செய்தியே அதில் தோன்றியது. வன்தட்டை அழித்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக நிறுவிவிடலாம் என்றார் பக்கத்து வீட்டு இளைஞர்.

“அழித்துவிட்டால், சனிக்கிழமை எதைப் பார்த்துக் கூலி கொடுப்பது?” என்று கலங்கினாள் சிறுமி.

சித்தப்பா ‘பயாஸ்’ எனப்படும் அடிப்படை அமைப்பைத் திறந்தார். வன்தட்டின் பெயர் அங்கே தெரிந்தது. வன்தட்டுக்கு ஊறில்லை என்று அவர் தெளிந்தார். கணினியைத் தொடங்கும் முறைகளில் பழையது, புதியது என இரண்டு உண்டு. அவ்வன்தட்டு பழைய முறைக்கு உரியது. வாங்கி வந்த பலகையோ புதிய முறைக்கு அமைக்கப்பட்டிருந்தது. அந்த ஓர் அமைப்பை மட்டும் மாற்றிச் சேமித்தார். சிறிது நேரத்தில் கூலிக்கணக்கு திரையில் விரிந்தது.

தந்தை நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அந்தக் கடைக்காரரை வீணாகத் திட்டிவிட்டேனே” என்றார்.

அன்றிரவு சிறுமி கணக்கு முழுவதையும் பென்டிரைவில் படியெடுத்தாள், குறிப்பேட்டிலும் எழுதிக்கொண்டாள். சனிக்கிழமை மாலையில் தையற்காரர்கள் கூலி பெற்றுச் சென்றனர். எவருக்கும் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.